சத்தம் அணைத்த வீடியோ

லேப்டாப்பை மடியில் வைத்தால் வயிற்றுப் பிள்ளை அசைவதை நிறுத்திவிடுகிறது. அம்ரீன் இதை முதல் நாளே கவனித்திருந்தாள். கீழே இறக்கி வைத்ததும் பழையபடி ஒரு உருளல், விலா எலும்புக்கு அடியில் ஒரு உதை. மறுபடி மடியில் ஏற்றினால், கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்வது போல உள்ளே எல்லாம் அடங்கிப்போகும். ஆறாவது மாதம். சூடு ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் லேப்டாப்பை அவள் இன்னும் ஆன் செய்யவே இல்லை.

அது அவள் கணவன் சஃபீருடையது. துபாயில் தூக்கத்திலேயே அவன் நெஞ்சு நின்றுபோனது. மையித்தை அங்கேயே அடக்கிவிட்டார்கள். கீழக்கரைக்கு வந்தது ஒரு அட்டைப்பெட்டிதான். அதில் சட்டைகளும் ஷேவிங் செட்டும் இந்த லேப்டாப்பும் இருந்தன. எல்லாவற்றிலும் அவன் பூசுகிற அத்தரின் வாசம். அந்த வாசத்துக்கு அடியில் வேறொன்று, வெகுநாள் மூடிக்கிடந்த ஃப்ரிட்ஜைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தக் குளிர்ந்த வாடை.

கடைசியாகப் பேசியபோது அவன் சொன்னான்: "பிள்ளை பொறக்கும்போது பாங்கு சொல்ல நான் அங்கன இருக்க முடியாதுல்ல. அதான் என் குரல்ல பதிஞ்சு வச்சிட்டேன். லேப்டாப்புல கெடக்கு. நாளைக்கு அனுப்புறேன்."

அந்த நாளை வரவில்லை. பிறந்ததும் பிள்ளையின் காதில் முதலில் விழவேண்டிய தொழுகை அழைப்பு, அதன் வாப்பாவின் குரலில், ஒரு பாஸ்வேர்டுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்தது. அது அவளுக்குத் தெரியாத பாஸ்வேர்டு. கொழுந்தன் கபீர் அறைக்கு வெளியே நின்று, கடையில் கொடுத்தால் திறந்துவிடுவான் என்று உம்மாவிடம் சொல்லிப் பார்த்தான். அம்ரீன் மறுத்துவிட்டாள். தலையில் துணியில்லாமல் கணவனுக்காக மட்டும் எடுத்து அனுப்பிய படங்கள் உள்ளே இருந்தன.

கடைசியில் ஜுவைரியாதான் வழி சொன்னாள். பள்ளிக்கூடத்துத் தோழி, இராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறாள். உம்மா கையில் ஒரு பென்டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனில் கூப்பிட்டாள்.

"லினக்ஸ்டி, கம்ப்யூட்டர ஓட்டுற சாப்ட்வேரு. காசே கிடையாது, யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். பாஸ்வேர்டு கேக்காம உள்ள போயி பைலை எடுத்துட்டு வந்துரலாம்."

"நீயே வந்து செஞ்சு கொடேன்."

"எங்க வீட்டுக் கல்யாணத்த வச்சுக்கிட்டா? மருதாணி இன்னும் காயலடி. ஒரு வீடியோ அனுப்பிருக்கேன். ஒன்ன மாதிரி மக்குகளுக்குன்னே பேசிருக்காரு. அவரு சொல்றபடி செய்யி, போதும்."

"அவரா? ஆம்பளையா?"

"பின்ன, ஒங்க உம்மாவா லினக்ஸ் சொல்லித் தருவாக?"

அம்ரீன் சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் இத்தாவில் இருக்கிறாள். கணவன் மவுத்தான பிறகு, பிள்ளை பிறக்கும் வரை, இந்த உள்ளறைதான் அவளுக்கு. ஜன்னல்களில் போர்வை தொங்கியது. உம்மா கல்யாணச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது மறுபடியும் சொன்னாள்: "கதவைச் சாத்திக்க. யாரு கூப்பிட்டாலும் பேசாத. வேத்து ஆம்பளை சத்தம் ஒன் காதுல விழக்கூடாது, பிள்ளத்தாச்சி வேற. அஸர் தொழுகைக்குள்ள வந்துருவோம்."

அதனால் அவள் வீடியோவின் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாள்.

போனைத் தலையணையில் சாய்த்து வைத்து, அந்த ஆள் செய்வதைப் பார்த்து நிறுத்தி, அதையே தன் லேப்டாப்பில் செய்து, மறுபடி ஓடவிட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஏறின. மொழி கேட்டது, கீபோர்டு கேட்டது. ஒவ்வொரு பக்கம் தாண்டும்போதும், நானேதான் செய்கிறேன் என்று ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. நடுவில் அந்த ஆளின் முகம் வந்து வெகுநேரம் பேசியது. கைகளைக் குறுக்கே ஆட்டிப் பேசியது. வேற்று ஆணின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது என்று அவள் அதைத் தள்ளிவிட்டாள். அடுத்து வந்த பக்கத்தில் டிஸ்கை அழிக்கவா என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தது. டிஸ்க் என்றால் செருகியிருக்கும் பென்டிரைவாகத்தான் இருக்கும். வீடியோவில் அவனும் அதைத்தான் அழுத்தினான். அவளும் அழுத்தினாள். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்றாள்.

நீலக் கோடு ஒன்று மெல்ல நீளத் தொடங்கியது.

கல்யாண வீட்டு ஸ்பீக்கர் சத்தமும், நெய்ச்சோற்று மணமும், போர்வையைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளும் கடற்காற்றின் உப்பும் அறையில் கலந்து நின்றன. அவற்றுக்குக் கீழே லேப்டாப்பின் விசிறி இழுத்து இழுத்துச் சுழல, அந்தக் குளிர்ந்த வாடை அவள் மடியிலிருந்து எழுந்து கழுத்துவரை ஏறியது. கோடு பாதியைத் தாண்டியபோது வயிறு கனத்தது. பிள்ளை திரும்பிப் படுக்கும் கனம் அவளுக்குத் தெரியும். இது அது இல்லை. ஈரமணலை யாரோ நிதானமாக அள்ளிப் போட்டு நிரப்புகிற கனம். லேப்டாப்பைத் தரையில் இறக்கினாள். உருளலுக்குக் காத்திருந்தாள்.

உருளல் வரவில்லை.

கோடு முடிந்தது. புதுத்திரை பளிச்சென்று திறந்தது. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தாள். படங்கள், காலி. பாடல்கள், காலி. சஃபீர் என்று தேடினாள். அப்படி எதுவும் இல்லை.

வீடியோவைப் பின்னால் இழுத்து, அந்த முகம் வரும் இடத்தில் நிறுத்தி, சத்தத்தைத் திறந்தாள்.

"பழைய பைல் வேணுங்கிறவங்க இங்கேயே நிறுத்திக்கங்க. இதுக்கு மேல போனா உள்ள இருக்கிறது எல்லாம் அழிஞ்சிரும். தயவுசெஞ்சு அழுத்திராதீங்க."

அவன் கைகளைக் குறுக்கே ஆட்டினான். வேண்டாம், வேண்டாம்.

ஜுவைரியாவைக் கூப்பிட்டாள். மறுமுனையில் ஒரே கூச்சல், சிரிப்பு.

"என்னடி, கெடச்சுச்சா?"

அம்ரீன் வாயைத் திறப்பதற்குள் ஜுவைரியாவே கத்தினாள்.

"ஏய், கெடச்சிருச்சு! எனக்கே கேக்குதே. சஃபீர் காக்கா குரல்தானே? எம்புட்டுத் தெளிவா இருக்கு!"

அறையில் எந்தக் குரலும் கேட்கவில்லை.

"ஆனா இது பாங்கு இல்லியேடி. என்னமோ பேசுறாரு. இரு, கேப்போம்..." ஜுவைரியாவின் சிரிப்பு தேய்ந்தது. "அம்ரீன். அதை நிறுத்து. என்ன சொல்றாருன்னு கேக்குதா ஒனக்கு? நிறுத்துடி அதை."

தொடர்பு அறுந்தது.

அம்ரீன் லேப்டாப்பை மூடினாள். விசிறி நின்றது.

விசிறியுடையது என்று அவள் நினைத்திருந்த, இழுத்து இழுத்து வந்த அந்த மூச்சு நிற்கவில்லை.

தரையிலிருந்து இல்லை. சுவரிலிருந்தும் இல்லை. சேலைக்கு அடியிலிருந்து.

"அம்ரீன்."

அவன் குரல். தூங்கி எழுந்தவுடன் கரகரக்கும் அதே குரல். அதன் அதிர்வு அவள் முதுகெலும்பில் ஏறியது.

"மச்சான்?"

"இருட்டா கெடக்கு."

அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தாள். கல்லாக இருந்தது. சில்லென்று இருந்தது.

"மச்சான், பிள்ளை எங்க? நம்ம பிள்ளை எங்க?"

வயிற்றுக்குள் அந்த மூச்சு ஒருமுறை ஆழமாக இழுத்தது.

"எனக்கு எடம் பத்தல," என்றான் சஃபீர், ரொம்பப் பிரியமாக. "அழிச்சிட்டேன்."

அவள் சேலையை விலக்கினாள். தொப்புளுக்கு மேலே தோல் மெல்லப் புடைத்து எழுந்தது. முதலில் ஒரு விரல். பிறகு நான்கும். பிறகு முழுதாக விரித்த, வளர்ந்த ஆணின் உள்ளங்கை ஒன்று, ரேகைகள் தெரிய, உள்ளிருந்து தோலை அழுத்திக்கொண்டு, வெளியே வர வழி தேடி நகர்ந்தது.