பூஜைக்கு மறுநாள் பெருத்த எழுத்து

விஜயதசமி. காலை 9.10. திருத்தணி மலையடிவாரத்தில், கஜபதியின் சேலை டிசைன் கடையில் கணினிக்கு உயிர் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த கஜபதிக்கு உயிர் போயிற்று.

திரையில் எழுத்தெல்லாம் இரண்டு மடங்கு பெருத்துக் கிடந்தது. மவுஸ் அம்பு கட்டைவிரல் பருமன். டிசைன் ஜன்னல் திரைக்கு வெளியே வழிந்து, டிசைனைத் தறி அட்டையில் துளைகளாகக் குத்தும் மெஷினுக்கு அனுப்புகிற பட்டனையே காணோம். பள்ளிப்பட்டு நெசவாளர் துளசிங்கம் கல்யாணச் சேலைக்காகத் தறியை நிறுத்திவிட்டு அந்த அட்டைக்குத்தான் காத்திருந்தார்.

"எல்லாம் சினேகா வேல. பூஜைக்கு லீவு தரலன்னு மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருந்தா. கடைசியா கைய வெச்சதும் அவதான். இனிமே கடைப் பக்கம் வராதன்னு போன்ல சொல்லிட்டேன்" என்றார் கஜபதி.

அவர் தங்கை அனுசுயா சைபர் குற்றப்பிரிவில் எஸ்.ஐ. பூஜைக்கு ஊருக்கு வந்தவள், பொரியை மென்றுகொண்டே திரையைப் பார்த்தாள். அவளுக்குக் கவலை கணினியைப் பற்றி அல்ல. கடையில் வேலை பார்க்கும் சினேகா கே.ஜி.கண்டிகைப் பெண், பெற்றவர்கள் வயல் கூலிகள். 'கெடுத்துவிட்டுப் போனவள்' என்ற பெயரோடு இந்த ஊரில் இன்னொரு கடையில் அவள் கால் வைக்க முடியுமா?

9.25. அனுசுயா சினேகாவைப் போனில் பிடித்தாள்.

"நேத்து இன்னா பண்ணேம்மா?"

"கம்ப்யூட்டர ஆஃப் பண்ணி, தொடச்சி, சந்தனம் வெச்சேங்கக்கா. அவ்ளோதான்."

"அதுக்கு முன்ன எப்ப ஆஃப் பண்ணே?"

"வைகாசில சேந்ததுல இருந்து ஒரு தபாகூட இல்லக்கா. சார் விடமாட்டாரு."

"ஆங். அழுவாத. போன கையிலயே வெச்சிரு."

கஜபதி பெருமையாகத் தலையாட்டினார். "ஆயுத பூஜைக்கு மட்டுந்தான் நம்ம கடையில அணைக்கிறது. மத்த நாள்ல கரண்டு போனாலும் யு.பி.எஸ்ல அது பாட்டுக்கு ஓடிகினே இருக்கும். வசந்தி போட்டுக் குடுத்த சிஸ்டம், ஒரு நாள் மக்கர் பண்ணதில்ல." அவர் மனைவி வசந்தி மாசியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு அவள் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"அண்ணா, மேல ஓரத்துல இன்னா போட்டிருக்கு?"

வாசற்படியில் நின்றபடியே கடகடவென்று படித்தார் கஜபதி. அனுசுயா அவரை ஒரு கணம் கூர்ந்து பார்த்தாள். வழக்கமாகத் திரையில் மூக்கு இடிக்க உட்காருகிற மனிதர். கண்ணாடி போடச் சொன்னால் சண்டைக்கு வருவார்.

9.50. அமைப்புக் கோப்பைத் திறந்து படித்து முடித்தாள். பொரிப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, இத பண்ணது சினேகா இல்ல. அண்ணி."

"பைத்தியமா உனக்கு? அவ மாசியிலயே போயிட்டாளே!"

"இங்க ரெண்டே வரி. ஒண்ணு அம்ப பெருசாக்க, ஒண்ணு எழுத்த பெருசாக்க. சூழல் மாறின்னு சொல்லுவாங்க. ஜன்னல எல்லாம் சேத்துத் திரையில காட்டுற கம்பாசிட்டர்னு ஒரு நிரல் இருக்குது. அது கண்ண முழிக்கிறப்ப மட்டுந்தான் இத படிக்கும். ஓடிகினு இருக்கிறப்ப மாத்தி எழுதினா கண்டுக்கவே கண்டுக்காது. இந்த வரிங்கள எழுதுனது தை மாசம். சினேகா சேந்ததே வைகாசில. தைக்கு அப்புறம் இத முழுசா அணைச்சது நேத்து ஒரு நாள்தான். கெடுக்க நெனைக்கிறவன் எழுத்த அழிப்பான், பெருசாக்க மாட்டான். கண்ணு தெரியலன்னு நீ ஊருக்கெல்லாம் மறைச்சே. கூடவே இருந்தவங்ககிட்ட மறைக்க முடியுமா?"

கஜபதி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பொங்கல் முடிஞ்சி ஒரு நாள் கேட்டா, அனு. ஒரே ஒரு தபா அணைச்சிப் போடட்டா, உங்களுக்கு ஒண்ணு காட்டணும்னா. மெஷின் ஓடிகினு இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம் போன்னு கத்திட்டேன்."

வசந்தி அண்ணி அன்றைக்கு முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போயிருப்பாள். அந்த முகம் அனுசுயாவுக்குத் தெரியும். டிசைன் நிரலை மட்டும் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாள். பட்டன் தெரிந்தது. துளசிங்கத்தின் அட்டையை மெஷின் குத்தத் தொடங்கியது.

"மீதியையும் பழையபடி மாத்திடவா?"

கஜபதி வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டுப் போனை எடுத்தார்.

"சினேகா, நான்தாம்மா. உம்மேல அபாண்டமா பழி போட்டுட்டேன், மன்னிச்சிக்க. கெளம்பி வாம்மா."

"ஸ்கிரீன் சரியாயிடுச்சா சார்?"

"அது கெடவே இல்லம்மா. என் பொண்டாட்டி எனக்குன்னு பண்ணி வெச்சிட்டுப் போனது. நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார் கஜபதி.