முன்சக்கரம் பதியாத மேடு

காலை ஏழே முக்கால். அல்சூர் ஏரிக்கரையிலிருந்து மேலேறும் சாலையின் வளைவில் ஒரு மதில் சரிந்து கிடந்தது. அதை இடித்து நின்றது ஒரு டிராக்டர். பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர் நிறையக் கருங்கல். மதிலுக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தோட்டக்காரர் கிருஷ்ணப்பாவை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

டிராக்டர் ஓட்டிய அப்பாதுரை சாலையோரம் உட்கார்ந்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஸ்டீரிங்கை முழுசா ஒடிச்சேன். வண்டி திரும்பல."

ஸ்டீரிங்கைச் சோதித்தார்கள். பழுது இல்லை. பிரேக்கும் சரி. மத்தியானத்துக்குள் அப்பாதுரை லாக்கப்பில் இருந்தார்.

மாலையில் அவர் மனைவி எல்லம்மா ஜோகுபாளையத்தில் என் வீட்டு வாசலில் நின்றார். நான் பகலில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவன். மாலையில் சட்ட வகுப்பு. எங்கள் தெருவில் அது போதும், நான் பாதி வக்கீல்.

"தம்பி அசோகா, அவருக்கு லைசென்ஸே செல்லாதுன்றாங்களே. டிரெய்லர் மாட்டினா வேற லைசென்ஸ் வேணுமாமே?"

"பாத்துச் சொல்றேன் அக்கா" என்றேன். எனக்குத் தெரியவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்து உட்கார்ந்தேன். காலி எடை என்கிறது, ஏற்றிய எடை என்கிறது, அச்சின் எடை என்கிறது. முதல் தடவை படித்தபோது அப்பாதுரையின் லைசென்ஸ் செல்லும். இரண்டாம் தடவை செல்லவில்லை. மறுநாள் வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளர் ஆராவமுதனிடம் கேட்டேன்.

"லைசென்ஸ் ஆளுக்கு, எடை வரம்பு வண்டிக்கு. ரெண்டையும் ஏன் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறீர்? முதல்ல அந்த டிரெய்லருக்கு எவ்வளவு எடை பதிவாகியிருக்குன்னு பாரும்."

மூன்று டன். ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் கஸ்தூரிரங்கன் சொன்னார். "எடைமேடையில போட்டுட்டுத்தான் கிளம்பியிருக்கான். மூணு டன்னுக்கு உள்ளதான். வண்டி சரி, எடை சரி. அப்ப தப்பு யாரோடது?"

வளைவைப் பார்க்க அனுமதி மட்டும் கேட்டேன்.

மேட்டில் தார் போடுவதற்காகச் செம்மண் பரப்பியிருந்தார்கள். டிராக்டரின் பெரிய பின்சக்கரங்கள் அதில் ஆழமாக இறங்கியிருந்தன. உள்ளே தள்ளியிருக்கும் சின்ன முன்சக்கரங்களின் தடம் ஏரிக்கரையில் தெளிவாக இருந்தது. மேடு ஏற ஏற மெலிந்தது. வளைவுக்கு முன் காணவே இல்லை. யாராவது மிதித்து அழித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லை இறக்கி ஓரமாகக் குவித்திருந்தார்கள். காலி டிரெய்லருக்குள் எட்டிப் பார்த்தேன். முன்பாதிப் பலகைகளில் கல் உரசிய புதுக் கீறல்கள் இருந்தன. பின்பாதியில் காய்ந்த அரச இலைகள் நொறுங்காமல் கிடந்தன.

கல் ஏற்றி அனுப்பிய பட்டறை மேஸ்திரி ஜெயராமன் அங்கேதான் நின்றிருந்தார்.

"கல்லை எப்படி அடுக்குவீங்க?"

"எப்படின்னா? பரவலாத்தான். நீங்க யாரு, வக்கீலா?"

"படிக்கிறேன்."

"படிங்க, படிங்க. படிச்சு முடிச்சுட்டு வாங்க."

தலை குனிந்து திரும்பினேன். என்னோடு வந்திருந்த எல்லம்மா ஜட்கா பிடித்திருந்தார். இருவரும் ஏறிப் பின்னால் உட்கார்ந்தோம். குதிரையின் இருபுறமும் ஏர்க்கால்கள் மேலே எழும்ப, அது தலையை உதறியது.

"முன்னால வாங்க சாமி!" என்று ஜட்காக்காரர் கத்தினார். நகர்ந்தோம். "அய்ய, அவ்வளோ வேணாம், குதிரை மேலயே உக்காந்துக்குவீங்க போல!"

பிறந்ததிலிருந்து கேட்ட அதட்டல். அன்றுதான் காதில் விழுந்தது. நாங்கள் அதே இரண்டு பேர், அதே எடை. முன்னால் நகர்ந்தால் பாரம் சக்கரத்தை விட்டுக் குதிரையின் முதுகுக்குப் போகிறது. அப்படியானால் சக்கரத்தை மட்டும் எடை போட்டால்?

"வண்டியத் திருப்புங்க. ஸ்டேஷனுக்கு" என்றேன்.

கஸ்தூரிரங்கன் முழுவதும் கேட்டார். பிறகு, "ஏம்பா, பாரம் அதிகம்னு நீயே நிரூபிச்சா உன் ஆளுக்கும் சேத்துதானே கேஸ்?" என்றார்.

காப்பாற்றப் போகிறேனா, கழுத்தில் கயிறு மாட்டப் போகிறேனா? எல்லம்மாவைப் பார்த்தேன்.

"உண்மை என்னான்னு தெரியட்டும் தம்பி" என்றார்.

மறுநாள் காலை பத்து மணி. எடைமேடை. இடிந்த இடத்திலிருந்து அதே கற்கள் வந்திருந்தன. அப்பாதுரையும் போலீஸ் காவலில் நின்றார். மேடை சிறியது, டிராக்டர் முன்னால் தரையில் நிற்க, டிரெய்லரின் இரண்டு சக்கரம் மட்டும் மேடையில் நின்றது.

"எப்பவும் போல ஏத்துங்கப்பா" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

கூலியாட்கள் முன்பக்கமாகக் கல்லை உயர அடுக்கத் தொடங்கினார்கள்.

"டேய்! பரவலாப் போடுங்கடா!" என்று பாய்ந்தார் ஜெயராமன்.

ஆட்கள் கல்லும் கையுமாக விழித்தார்கள். ஒருவர் கேட்டார்: "எடை போட்டப்புறம்தானே மேஸ்திரி பரத்துவோம்?"

கஸ்தூரிரங்கன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "அப்படியே அடுக்குங்க" என்றார்.

முன்னால் அடுக்கியபோது மேடை மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. அதே கற்களைப் பரப்பியதும் மூன்றரையைத் தாண்டியது. ஒரு கல்கூடக் கூட்டவில்லை.

"மிச்சம் அரை டன் எங்க இருந்துச்சு?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"டிராக்டருக்குப் பின்னால டிரெய்லர் மாட்டற கொக்கி மேல சார்" என்றேன். "அது கீழ அழுத்த, டிராக்டரோட முன்பக்கம் லேசாயிடும். சமதரையில தெரியாது. மேட்டுல முன்சக்கரம் தரையை விட்டுடும். தடம் அழியல சார், பதியவே இல்ல. அவர் ஸ்டீரிங்கை ஒடிச்சது நிஜம். சக்கரமும் திரும்பியிருக்கும், காத்துல."

"தினமும் போற வண்டிதானே? அன்னிக்கு மட்டும் ஏன்?"

"மத்த நாள்ல எடை போட்டதும் பரத்திடுவாங்க. அன்னிக்குப் பரத்தல. பின்னால இருந்த இலைகூட நொறுங்கல. பரவலா ஏத்தினேன்னு மேஸ்திரி சொன்னது பொய்."

"லேட்டாயிடுச்சு" என்றார் ஜெயராமன். "போய்ச் சேந்துடுவான்னு நெனச்சேன். ஒரு மேடுதானே..."

கஸ்தூரிரங்கன் அப்பாதுரையிடம் திரும்பினார். "நீ பாக்கலியா?"

"எடை போட்டப்ப டீ குடிக்கப் போயிருந்தேன் சார். வந்தப்ப தார்ப்பாய் கட்டியிருந்துச்சு. மேஸ்திரி எடைச் சீட்டக் கையில குடுத்து, போன்னார்."

மாலையில் அவரை ஜாமீனில் விட்டார்கள். வழக்கில் முதல் பெயர் ஜெயராமனுடையதாக மாறியது. லைசென்ஸ் செல்லும் என்று சப்-இன்ஸ்பெக்டரே சொன்னார், சொல்லிவிட்டு, "செல்லும்தானே?" என்று என்னிடம் கேட்டார். மூன்றாம் தடவை படித்தது நினைவில் இருந்ததால் தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் அப்பாதுரை கேட்டார்: "அசோகா, தார்ப்பாயத் தூக்கி ஒரு தரம் பாத்திருந்தா கிருஷ்ணப்பா இருந்திருப்பாரா?"

எல்லம்மா என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்து ஜட்காவுக்குக் கை காட்டினேன்.

ஜட்கா வந்தது. மூவரும் ஏறினோம். ஜட்காக்காரர் வாயைத் திறப்பதற்குள் அப்பாதுரை எழுந்து, ஏர்க்கால்களைக் குனிந்து பார்த்துவிட்டு, இடம் மாறி உட்கார்ந்தார்.