நாலு சொல்லாதவன்

முதல் பாட்டு தொடங்கும் முன்பே அவளுக்கு ஏதோ உறுத்தியது. ஹெட்ஃபோனுக்குள் குச்சியோடு குச்சி மோதும் சத்தம். அதன்மேல் யாரோ எண்ணினார்கள். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு வரவேண்டிய இடத்தில் நாலு இல்லை. மூச்சை உள்ளே இழுக்கும் மெல்லிய விசில் மட்டும் இருந்தது. அதன் பிறகுதான் கிட்டார்கள் கூரை சரிவதுபோல் விழுந்தன.

அவள் பாட்டை நிறுத்தினாள்.

"என்னக்கா, தொடங்கறதுக்குள்ள நிறுத்திட்ட?" என்றான் நெட்டை. கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வரவேண்டிய உயரம் அவன். அவள் தம்பியோடு பள்ளியில் படித்தவன், 'துரு' இசைக்குழுவின் கிட்டார்காரன். பதினோரு வருடம் கழித்து துரு வெளியிடப்போகும் ஆல்பத்தை முதலில் அவள் கேட்க வேண்டும் என்று, பகல் சாப்பாடு முடிந்த கையோடு கொண்டுவந்திருந்தான்.

"எண்ணுறது யாரு?"

"யாரும் எண்ணலையே. டிரம்ஸ் மொத்தமும் மெஷின்ல போட்டது. மெஷினுக்கு எதுக்குக்கா ஒண்ணு ரெண்டு மூணு? அது என்ன ஒண்ணாங்கிளாஸா படிக்குது?"

அவள் சிரிக்கவில்லை. நாலு சொல்லாமல் எண்ணியவன் ஒருவன்தான். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. நாலு சொல்லும் நேரத்தில் ஒரு மூச்சைச் சேமித்துக்கொள்ளலாமே என்பான். அந்த மூச்சில் எப்போதும் ஒரு கீச்சு இருக்கும், எண்ணெய் காணாத கீல்போல.

"அப்ப எனக்குத்தான் காது கெட்டுப்போச்சு," என்றாள்.

"ஊருக்கே காது பாக்குறவ நீ. உனக்கே கெட்டுப்போச்சுன்னா நாங்க எங்க போறது?"

அவள் காது பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். சிறிய கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வது வேலை. ஒரு நாளைக்கு முப்பது கைகள். அதற்கு முன்பு, இந்த வீட்டின் பின்பக்கம் கார் நிறுத்தும் கொட்டகையாக இருந்த இதே இடத்தில், இதே மேசையில் உட்கார்ந்து துருவின் பாட்டுகளைப் பதிவுசெய்தவள் அவள்தான். கொட்டகையை இரண்டாகத் தடுத்திருந்தார்கள். இந்தப் பக்கம் மேசை. அந்தப் பக்கம் தம்பியின் டிரம்ஸ் அறை. நடுவில் இரட்டைக் கண்ணாடி. டிரம்ஸ் அறையின் கதவு இந்தப் பக்கமாகத் திறக்கும். விளிம்பெல்லாம் ரப்பர் ஒட்டிய கனத்த கதவு. விட்டால் தானாகச் சாத்தி, தாழும் விழுந்துவிடும்; கைப்பிடியைத் திருகினால்தான் திறக்கும். உள்பக்கக் கைப்பிடி கழன்று வந்தபோது யாரும் சரிசெய்யவில்லை. ஒரு செங்கல்லை அண்டைகொடுத்துத் திறந்துவைத்தார்கள். முதல் ஆல்பத்தின் உறையில் நன்றி சொன்ன பட்டியலில் கடைசிப் பெயர் 'செங்கல்'.

மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும் சத்தங்களைத்தான் துரு பாட்டாக்கியது. பழைய ஃபிரிட்ஜின் கதவு, இரும்பு வாளி, சங்கிலி. ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "வீட்ட இடிக்கிறீங்களா?" என்று கேட்டார். "இல்ல சார், இது மூணாவது பாட்டு," என்றான் தம்பி.

"நீ கேட்டு சரின்னு சொன்னாத்தான்கா வெளியிடுவோம்," என்றான் நெட்டை. "அவன் இல்லாம துரு இல்ல."

அவள் மறுபடி ஹெட்ஃபோனை மாட்டினாள்.

கொட்டகைக்குள் வெயிலில் காய்ந்த தகரத்தின் வாசனை. மேசை மின்விசிறி தலையைத் திருப்பும்போதெல்லாம் டக்கென்று ஒரு சொடுக்கு. கண்ணாடிக்கு அப்பால் இருட்டு. அதில் அவள் முகமும் பின்னால் நெட்டையின் சட்டைப் பொத்தான்களும் மட்டும் தெரிந்தன. இரண்டாவது பாட்டு மாவாட்டும் கல்லின் கதியில் சுழன்று, நடுவில் திடீரென்று அறுந்து, வேறொரு பாட்டின் இடுப்பிலிருந்து கிளம்பியது. நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகள் தேறிவிட்டார்கள் என்று நினைத்தாள். ஐந்தாவது பாட்டில், கிட்டார்களின் கீழே, வெகு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல்.

அக்கா, கேக்குதா?

ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் மைக்கைத் தட்டித் தம்பி கேட்பது அது.

ஹெட்ஃபோனைக் கழற்றி நெட்டையிடம் நீட்டினாள். அவன் ஒரு நிமிடம் கேட்டான். "நம்ம மொட்டை கத்துறதுதான்கா. சளி புடிச்ச அன்னிக்குப் பாடினான், அதான் ஒருமாதிரி இருக்கு."

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

"வேற என்ன கேக்கணும்?"

அவள் ஹெட்ஃபோனைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டாள். இதே கேள்வியை அம்மா அவளிடம் வேறு மாதிரி கேட்டிருந்தாள். கூப்பிட்டானாடி? கடைசியில உன்னைக் கூப்பிட்டானா? படுத்த படுக்கையாகிக் கண் மூடும்வரை அம்மா கேட்டதெல்லாம் அதுதான். இல்லம்மா, ஒரு சத்தமும் இல்ல, என்று ஒவ்வொரு முறையும் சொன்னாள். அது பொய்யா மெய்யா என்று அவளுக்கே தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை அவளே அழித்திருந்தாள். அவன் இறந்த அன்றைய பதிவை, ஒருமுறைகூடப் போட்டுக் கேட்காமல்.

கடைசிப் பாட்டு பதினோரு நிமிடம்.

"இது எங்களுக்கே புடிச்ச எடம்," என்று அவளுக்குக் கேட்பதற்காகச் சத்தமாகச் சொன்னான் நெட்டை. "எப்படி அமைஞ்சதுன்னே தெரியல."

நான்காவது நிமிடத்தில் எல்லா வாத்தியங்களும் நின்றன. தட்டல் தொடங்கியது. உள்ளங்கையால், கனத்த மரத்தில். மூன்று தட்டு, ஒரு மூச்சு இடைவெளி. மூன்று தட்டு, ஒரு மூச்சு இடைவெளி.

அவள் விரல்கள் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டன.

அன்றும் இதேபோலப் பகல் மூன்று மணி. விசிறிச் சத்தம் உள்ளே போகிறது என்று செங்கல்லைக் காலால் தள்ளிக் கதவைச் சாத்தியவள் அவள். உள்ளே தம்பி வாய் ஓயாமல் கிண்டலடிக்கிறான் என்று அவன் பேசும் மைக்கை அணைத்தவளும் அவள். நான்காவது நிமிடத்தில் டிரம்ஸ் நின்று தட்டல் வந்தபோது, ஃபிரிட்ஜ் கதவையும் வாளியையும் பாட்டாக்கியவர்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. "அபாரம்டா!" என்றான் மொட்டை. "நிறுத்தாதக்கா, ஓடட்டும்," என்றான் நெட்டை. அவள் ஒலியைக் கூட்டிவைத்தாள். இருட்டில் வாசிப்பதுதான் தம்பிக்குப் பிடிக்கும். அதனால் கண்ணாடியில் அவள் முகம் மட்டும் தெரிந்தது. எழுந்து அதன் அருகே போய், தலையைத் தாளத்துக்கு ஆட்டிக்கொண்டே, கலைந்திருந்த கண்மையைச் சுண்டுவிரலால் துடைத்தாள். தட்டல் மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கியபோது மூன்று பேரும் கைதட்டினார்கள்.

கைதட்டினார்கள்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள். மூன்று தட்டு. ஒரு மூச்சு. மூன்று தட்டு. ஒரு மூச்சு.

நிற்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

"நெட்டை, இது உனக்குக் கேக்குதா?"

"எங்க, குடு," என்று அவன் ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டான். மேசைமுன் உட்கார்ந்து, நீண்ட கால்களை நீட்டி, கண்ணை மூடினான். தலை மெதுவாக ஆடத் தொடங்கியது. "கேக்குதே. அருமையா கேக்குது."

அவள் கதவை இழுத்தாள். வர மறுத்து, பிறகு ரப்பர் பிரியும் ஓசையோடு வந்தது. செங்கல் அதே மூலையில்தான் கிடந்தது. எடுத்து அண்டைகொடுத்தாள். காலால் உதைத்துப் பார்த்தாள். அசையவில்லை. இன்னொருமுறை உதைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

வெறும் அறை. டிரம்ஸை எப்போதோ விற்றாயிற்று. சுருட்டிய கம்பளம் ஒன்று சுவரோரம். சுவர்களில் பழுப்பேறிய ஸ்பாஞ்சு, அதன் புளித்த வாசனை. அதற்கும் உள்ளே வேறொரு வாசனை, தம்பி இழுப்புக்காக வாயில் அடித்துக்கொள்ளும் மருந்தின் குளிர்ந்த கசப்பு. தட்டல் நின்றிருந்தது. ஒலியே இல்லாத அறையில் நிற்பவருக்குத் தன் ரத்தம் ஓடுவது கேட்கும், அவளுடையது கேட்டது. பரிசோதனைக்கு வருபவர்கள் சிலர் உள்ளே போனதும் ஏன் முகம் வெளுக்கிறார்கள் என்று இப்போது புரிந்தது.

"எங்கடா இருக்க?" என்றாள். ஸ்பாஞ்சு அந்தக் குரலை விழுங்கியது.

அப்போது அந்த ஒலி. சிமெண்டுத் தரையில் செங்கல் உரசும் ஒலி. அவசரமே இல்லாமல். யாரோ காலால் தள்ளுவதுபோல.

திரும்புவதற்குள் கதவு ரப்பரோடு ரப்பர் பொருந்தி மூடியது. விளக்கு அணைந்தது.

அவள் கதவைத் தேடிக் கைவைத்தாள். கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு திருகாணித் துளைகள். அதற்கு மேலே, முகத்தின் உயரத்தில், ஸ்பாஞ்சு பிய்ந்து மரம் தெரிந்தது. மரத்தில் ஒரு வழவழப்பு. உள்ளங்கை அளவு. இந்தப் பதினோரு வருடத்தில் அவள் இந்தக் கதவின் உள்பக்கத்தைத் தொட்டதே இல்லை.

கண்ணாடியில் நெட்டை பளிச்சென்று தெரிந்தான். நீட்டிய கால்கள். மூடிய கண்கள். விசிறியில் அசையும் சட்டை. மேசையில் அவள் ஃபோன்.

"நெட்டை!"

தலை ஆடியது.

கண்ணாடியைக் குத்தினாள். பாறையைக் குத்துவதுபோல் இருந்தது. கதவுக்கு வந்தாள். உள்ளங்கையால் தட்டினாள். மூன்று முறை தட்டுவதற்குள் மூச்சு முட்டியது. நின்று இழுத்தாள். மறுபடி மூன்று. மறுபடி இழுத்தாள். அந்த மூச்சில் ஒரு கீச்சு.

அவளுக்குப் புரிந்தது.

வேறு மாதிரி தட்டப் பார்த்தாள். இரண்டு. ஐந்து. கை கேட்கவில்லை. மூன்று. மூச்சு. மூன்று.

நெட்டை கண்ணைத் திறந்தான். எழுந்தான். ஹெட்ஃபோனின் நீண்ட வயர் பின்னால் இழுபட, நேராகக் கண்ணாடியிடம் வந்தான். பார்த்துவிட்டான். அவள் ஒரு கையால் கதவைத் தட்டிக்கொண்டே மறு கையைக் கண்ணாடியில் பதித்தாள். அவன் குனிந்தான். முகத்துக்கு முகம். ஒரு விரல் தூரம். அவன் கண்கள் அவளைத் தாண்டவும் இல்லை, தொடவும் இல்லை.

மோவாயைத் தூக்கினான். தாடியைத் தடவிப் பார்த்தான். வெள்ளை முடி ஒன்றைத் தேடிப் பிடித்தான். தலை தாளம் தப்பாமல் ஆடியது.

பின்கழுத்தில் குளிர்ந்த கசப்பு வாசனை.

"அக்கா," என்றது, காதுக்கு வெகு அருகில், களைத்த குரல். "கேக்குதா?"

கண்ணாடியில் பதிந்திருந்த அவள் கை, முப்பது பேருக்கும் அவளே தினமும் சொல்லிக்கொடுத்ததுபோல, மெல்ல மேலே எழுந்தது.

ஒண்ணு. ரெண்டு. மூணு.

அவள் மூச்சை இழுத்தாள். வரவில்லை.

தட்டல் தளர்ந்தது. இரண்டானது. ஒன்றானது. கண்ணாடிக்கு அப்பால், நல்ல வெளிச்சத்தில், ஹெட்ஃபோனைக் கழற்றாமலே, முகமெல்லாம் மலர, நெட்டை கைதட்டத் தொடங்கினான்.