இருட்டில் ஒரு தன்மைப் பன்மை

போன மின்சாரம் திரும்பி வந்தபோது, பயிற்சிக்கூட மேனேஜரின் மேஜை இழுப்பறை திறந்து கிடந்தது. காலண்டருக்குப் பின்னால் தொங்க வேண்டிய சாவி, பூட்டில் தொங்கியது. நாளைய இலக்கணத் தேர்வின் வினாத்தாள் உறையைக் காணவில்லை.

கீழ்த்தளத்தில் ஃபியூஸ் பெட்டியோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த மேனேஜர், பக்கத்து அறையில் நடந்த மாலை வகுப்புக்குள் பாய்ந்தார். டீச்சரை ஒரு வார்த்தை கேட்காமல் மாணவர்களின் பைகளைக் குடைந்தார். மாணவர்கள் என்றால் எல்லாரும் பிள்ளை குட்டி பெற்ற வயது. அப்போது அங்கே இருந்தவர்கள் மூன்றே பேர்: தையல்காரி, மருந்துக்கடைக்காரர், மேனேஜரின் மச்சான். உறை தையல்காரியின் பையில், அளவு நாடாவுக்கு அடியில் இருந்தது. ஓரம் கிழிந்திருந்தது.

மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "தப்புப் பண்ணிட்டேன், தேர்வு எழுத மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா. போலீஸ் இல்லாம முடிச்சுக்கலாம்."

"போலீஸையே கூப்பிடுங்க," என்றாள் தையல்காரி.

இந்தத் தேர்வில் தேறினால் பள்ளிக்கூடத்தில் தையல் ஆசிரியை வேலை. பகுதி, விகுதி, சந்தி, சாரியை என்று மிஷின் மிதித்துக்கொண்டே மனப்பாடம் செய்தவள் அவள். சந்தி என்றால் ரெண்டு துணி சேருகிற தையல் என்று தனக்குத் தானே உரை எழுதிக்கொண்டவள். செய்யாத குற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டு அத்தனையையும் தொலைக்க அவளுக்கு என்ன தலையெழுத்தா?

ஸ்டேஷனிலிருந்து பெண் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். பதவி உயர்வுக்காக அவரும் இதே வகுப்பில் படிக்கிறார். மொழித் தேர்வில் ஏற்கெனவே கோட்டை விட்டவர்.

"வாங்க மேடம். இன்னிக்குன்னு பாத்து நீங்க வகுப்புக்கு வராம போயிட்டீங்களே!" என்றார் மேனேஜர்.

சப்-இன்ஸ்பெக்டர் அதை மறுக்காமல் நோட்டைத் திறந்தார். உண்மையில் அவர் வந்திருந்தார். மின்சாரம் போன பிறகு சுவரைத் தடவிக்கொண்டு படியேறி, தையல்காரியின் பக்கத்தில் உட்கார்ந்து, இருட்டிலேயே ஒரு சந்தேகமும் கேட்டிருந்தார். ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வரவே, விளக்கு வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு தையல்காரி எழுந்தாளா இல்லையா என்று அவர் எப்படிச் சத்தியம் செய்ய முடியும்?

ஒவ்வொருவராக மாடிப்படி முனைக்கு அழைத்தார். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்.

"கரண்ட் இல்லாதப்ப எங்க இருந்தீங்க?"

"வகுப்புலதான் மேடம்," என்றார் மருந்துக்கடைக்காரர். "நாம எல்லாரும் சிரிச்ச சிரிப்பு கீழ வரைக்கும் கேட்டிருக்குமே!"

தையல்காரி முறைப்பாக வந்து நின்றாள். "நாம ஒரே பெஞ்சுலதானே மேடம் இருந்தோம்? நீங்க போன பிறகும் நான் எழுந்திரிக்கல. நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க."

கடைசியாக மச்சான். "நாங்க எல்லாரும் இருந்த இடத்துலயே இருந்தோம் மேடம். டீச்சர் இருட்டுலயும் பாடம் நடத்துனாங்க. அந்தம்மா மட்டும் எழுந்து போன மாதிரி சத்தம் கேட்டுச்சு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, தம்பி."

"யோசிக்க என்ன இருக்கு? நாங்க வேற யாரும் அசையவே இல்ல."

சப்-இன்ஸ்பெக்டர் எல்லாரையும் வகுப்பறையில் கூட்டினார்.

"டீச்சர், எடுத்தது யாருன்னு தெரிஞ்சு போச்சு. இலக்கணப் பேருதான் வாயில நுழையல. கேக்குற ஆளையும் சேத்துக்கிட்டா 'நாம'. வெளிய நிறுத்திட்டா 'நாங்க'. நீளமா ஒரு பேர் சொன்னீங்களே?"

"உளப்பாட்டுத் தன்மைப் பன்மை," என்றார் டீச்சர். "அது 'நாம்'. முன்னால நிக்கிறவரையும் உள்ளே இழுத்துக்கும். 'நாங்கள்' இழுத்துக்காது."

"அதேதான். ரெண்டு பேரு என்னை உள்ள சேத்தாங்க. ஒருத்தர் சேக்கல." அவர் மச்சானைப் பார்த்தார். "இருட்டோட வந்து இருட்டோட போனவ நான். வகுப்புல இருந்தவங்களுக்குத்தான் அது தெரியும்."

மேனேஜருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு வார்த்தைய வெச்சு என் மச்சான் மேல பழி போடுறதா? வாய் தவறி வந்திருக்கும்!"

"இருக்கலாம். தம்பி, இருட்டுல நான் ஒரு கேள்வி கேட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. என்ன கேட்டேன்?"

மச்சான் திருதிருவென்று விழித்தான். "அது... ஏதோ பாடத்துல சந்தேகம்..."

மருந்துக்கடைக்காரரால் அடக்க முடியவில்லை. "அளபெடைன்னா டெய்லர் அளவெடுக்கிறதான்னு கேட்டாங்கய்யா!"

அந்த நேரத்திலும் தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சப்-இன்ஸ்பெக்டருக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை.

"காலண்டருக்குப் பின்னாடி சாவி இருக்குன்னு வீட்டு ஆளுக்குத்தான் தெரியும். நான் கிளம்பின பிறகு திரும்பி வந்திருக்கீங்க. சரியா?"

மச்சான் தலையைக் குனிந்தான். "கீழ ஃபியூஸ் பெட்டி மூடுற சத்தம் கேட்டுச்சு, மாமா. உறையைத் திருப்பி வைக்க நேரமில்ல. ஓடி வந்து, கைக்குத் தட்டுப்பட்ட பையில திணிச்சுட்டேன்."

மேனேஜரின் குரல் சட்டென்று தேனாக மாறியது. "சரி, சரி. நாளைக்கு வேற தாள் வரவழைச்சுக்கலாம். இது வெளிய போனா அசிங்கம் பாருங்க. நாம எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி."

தையல்காரி அந்த வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

"திருடின்னு சொன்னது தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, சார். நாளைக்குத் தேர்வுக்கு வர்றப்ப வாங்கிக்கிறேன். அப்புறம், அந்த 'நாம'வுல என்னைச் சேக்காதீங்க. 'நாங்க'ன்னே சொல்லுங்க."