சுவருக்கு அந்தப் பக்கம் யார்?

வாலுவின் அம்மா பல்கலைக்கழகத்தில் வானியல் பேராசிரியர். எங்கோ தொலைவில் இருக்கும் விண்மீன் திரள்களில் கிழட்டு நட்சத்திரம் எவ்வளவு, இளசு எவ்வளவு என்று வயது பார்ப்பது அவர் வேலை. கெட்டிக்காரர்தான். ஆனால் சரக்கு நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? விரித்துக் காட்டத் தெரிய வேண்டாமா?

போன வருடம் வாலுவின் பள்ளியில் பேசினார். பாதி வகுப்பு தூங்கிவிட்டது. மீதிப் பாதியைத் தூங்கவிடாமல் காப்பாற்றியது தலைமை ஆசிரியரின் குறட்டை.

அன்று முதல் அவருக்கு ‘தாலாட்டு’ என்று பெயர். வைத்தவன் அவள் வகுப்பில் படிக்கும் ஸ்பீக்கர். அவன் மெதுவாகப் பேசினாலே மூன்று வகுப்புகளுக்குக் கேட்கும்.

“நாளைக்குத் திரும்பவும் தாலாட்டு வர்றாங்களாமே. தலகாணி எடுத்துட்டு வரட்டுமா?” என்றான்.

வாலுவுக்குக் காது சுட்டது.

வீட்டுக்குப் போனால், அம்மா கணினியில் எண்பத்து நான்கு வரைபடங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஜவுளிக்கடை வைத்திருக்கும் அப்பா எட்டிப் பார்த்தார். “கடைக்கு வந்த ஆளுக்கு முதல்ல ஒரு நல்ல துணியைக் காட்டுவாங்களா, இல்ல குடோனுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்துவாங்களா?”

“எதையும் விட முடியாதுங்க. எல்லாமே முக்கியம்” என்றார் அம்மா.

மறுநாள் வகுப்பில் ஏழாவது வரைபடத்திலேயே ஸ்பீக்கர் மேசைமேல் தலை சாய்த்தான்.

“கேலக்ஸி ரொம்பத் தூரத்துல இருக்கு. நட்சத்திரங்களைத் தனித்தனியா பார்க்க முடியாது. எல்லா வெளிச்சமும் கலந்துதான் நமக்கு வரும்…” அம்மாவின் குரல் ஒரே சீராகப் போனது.

அப்போது இடப்பக்கச் சுவர் வழியாக ஒரு சத்தம் வந்தது. யாரோ கூட்டமாக வாய்ப்பாடு ஒப்பித்தார்கள்.

வாலு எழுந்து நின்றாள். “மேடம், ஒரு சந்தேகம்.”

சொந்த அம்மாவை மேடம் என்றதில் நான்கு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். அதுவே லாபம்.

“அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாருன்னு பார்க்காமலே சொல்ல முடியுமா?”

“பொடிப்பசங்க. இரண்டாம் வகுப்பு” என்றான் ஸ்பீக்கர், தலையைத் தூக்காமலே.

“எப்படிச் சொல்ற? ஒரு முகத்தைக்கூட நீ பார்க்கலையே” என்றாள் வாலு.

“கீச்சு கீச்சுனு கேக்குதே.”

அம்மாவின் கண்கள் அகன்றன. வரைபடங்களை அணைத்தார். “அட, என் வேலையே இதுதான். கலந்து வர்ற வெளிச்சம் நீலமா இருந்தா, அங்க இளசுங்க நிறைய. பளிச்சுனு எரியிற பெரிய நீல நட்சத்திரங்க சீக்கிரமே தீர்ந்துபோயிடும். வெறும் சிவப்பா இருந்தா, கிழடுங்க மட்டும் மிச்சம்.”

“அப்போ இந்தப் பக்கம்?” வாலு வலப்பக்கச் சுவரைக் காட்டினாள்.

எல்லோரும் காதை வைத்தார்கள். கும்மென்று ஒரு கனத்த முனகல்.

“பெரிய கிளாஸ் அண்ணனுங்க” என்றது வகுப்பு.

“இல்ல, ஆசிரியர் கூட்டம்” என்றான் ஸ்பீக்கர்.

“வயசானவங்கதான். எனக்குச் சந்தேகமே இல்ல” என்றார் அம்மா.

வாலு எதையும் கண்ணால் பார்க்காமல் வாங்கமாட்டாள். ஜவுளிக்கடைக்காரர் மகள் அல்லவா. ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பினாள்.

“ஒண்ணாம் வகுப்பு. அட்டையில முகமூடி செஞ்சு எல்லாரும் மாட்டிக்கிட்டிருக்காங்க. தடி அட்டை. உள்ளயிருந்து பாடறாங்க. கீச்சுக்குரல் எதுவும் வெளியவே வரல.”

வகுப்பே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வலப்பக்கச் சுவரையே பார்த்தார்.

“என்கிட்ட ஒரு கேலக்ஸி இருக்கு” என்றார் மெதுவாக. “ரெண்டு வருஷமா பார்க்கறேன். ஒரே சிவப்பு. அத்தனையும் கிழடுன்னு ஆய்வுக் கட்டுரை எழுதி முடிச்சு, வெள்ளிக்கிழமை பத்திரிகைக்கு அனுப்பப் போறேன்.”

“அதுக்கென்ன மேடம்?” என்று கேட்டான் ஸ்பீக்கர். இப்போது அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

“விண்வெளியில தூசு இருக்கு. அது நீலத்தை அதிகமா தடுத்துடும், சிவப்பைக் கொஞ்சம் விட்டுடும். அந்த அட்டை மாதிரி.”

“ஐயோ. அப்போ உள்ள சின்னப்பசங்க இருந்தா?”

“அதான் பயமா இருக்கு.”

“எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“தூசைத் தாண்டி வர்ற வெப்ப ஒளி இருக்கு, அகச்சிவப்புன்னு சொல்வாங்க. அதுல எடுத்த படம் தேடணும்.”

மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் அப்பா கேட்டார், “எத்தனை பேர் தூங்கினாங்க?”

“கடைசியில ஒருத்தரும் இல்ல. ஸ்பீக்கர் பதினோரு கேள்வி கேட்டான்” என்றாள் வாலு.

வெள்ளிக்கிழமை மதியம், வகுப்பு ஆசிரியையின் தொலைபேசி ஒலித்தது. அவர் அதை வாலுவிடம் நீட்டினார். ஸ்பீக்கர் உட்பட முப்பது காதுகள் அருகில் வந்தன.

“வாலு,” என்றார் அம்மா, “முகமூடியைக் கழட்டிப் பார்த்துட்டேன். உள்ள பூரா வாண்டுங்க.”