எண்பத்தேழாம் வண்டி

பிற்பகல் நான்கு மணிக்கு எண்பத்தேழாம் வண்டியிலிருந்து எச்சரிக்கை வந்தது. எண்பத்தேழாம் வண்டி என்று ஒன்று இப்போது கிடையாது. மூன்று மாதத்துக்கு முன்பு, சாலையோரம் நின்றிருந்த டிரெய்லரின் பின்னால் போய் மோதியதில் முன்பாதி உருத்தெரியாமல் நசுங்கிப்போனது. மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். திரையின் ஓரத்தில் எண்பத்தேழு என்றுதான் இருந்தது. பக்கத்து மேஜைப் பெண் டீக்குக் கிளம்பியவள், உங்களுக்கும் வாங்கி வரட்டுமா அக்கா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டும்போதே இவள் கை தன்னால் போய்த் திரையை மறைத்துக்கொண்டது. கதவு சாத்திக்கொண்டது. ஜன்னலே இல்லாத அந்த அறையில் ஏசியின் உறுமலும், எங்கிருந்தோ வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டின் வாடையும்தான் இருந்தன.

லாரி கம்பெனியின் கண்காணிப்பு அறை அது. ஒவ்வொரு லாரியிலும் டிரைவருக்கு எதிரே சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு கேமரா உண்டு. முன்பெல்லாம் டிரைவர் கண்ணை மூடினால் அதுவே பீப் அடித்து எழுப்பும். தும்மினாலும் அடித்தது, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாலும் அடித்தது. டிரைவர்கள் வெறுத்துப்போய் அதன் வாயிலேயே டேப்பை ஒட்டினார்கள். அதற்குப் பிறகுதான் நடுவில் மனுஷர்களை உட்கார வைத்தது கம்பெனி. கண் மூடினால் உள்ளே நடப்பது அப்படியே பத்து நொடி இந்த அறைக்கு வரும். நிஜத் தூக்கம் என்றால் 'உண்மை' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். வண்டிக்குள் பீப் அலறும். இல்லையென்றால் 'தவறு', வண்டி அமைதியாகப் போகும். ஒன்பதாவது நொடி வரை யாரும் எதையும் அழுத்தாவிட்டால், எதற்கு வம்பு என்று மிஷின் தானே அலறிவிடும்.

எண்பத்தேழை ஓட்டியவன் அவள் கணவன். பிறவியிலேயே சின்னக் கண். சிரித்தால் அந்தக் கண்ணும் காணாமல் போய்விடும். டிரைவர்கள் அவனுக்கு வைத்த பெயரே தூங்குமூஞ்சி. கேமராவும் அவனை ஒரு நாளைக்கு இருபது தடவை தூங்குகிறான் என்று காட்டிக்கொடுத்தது. அவர் முகம் எனக்குத்தான் தெரியும், எண்பத்தேழு வந்தால் என் பக்கம் தள்ளிவிடுங்கள் என்று மற்ற பெண்களிடம் அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். அது தெரிந்த நாளிலிருந்து அவனுக்குக் கொண்டாட்டம். ஆள் நடமாட்டமில்லாத சாலையாகப் பார்த்து, வேண்டுமென்றே இரண்டு நொடி கண்ணை மூடுவான். படம் அவள் மேஜைக்கு வரும். திறந்து, கேமராவைப் பார்த்து இளிப்பான். அவள் 'தவறு' அழுத்துவாள். வணக்கத்துக்குப் பதில் வணக்கம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆனவர்கள் செய்கிற காரியமா என்று அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

விபத்துக்கு முந்தின நாள் மகளுக்குக் காய்ச்சல். ராத்திரி முழுக்க அவன்தான் மகளோடு உட்கார்ந்திருந்தான். மறுநாள் பிற்பகல் படம் வந்தது. எண்ணைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே 'தவறு' அழுத்தினாள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் நல்ல மனுஷர். "தூக்கத்துலயே போயிட்டாரும்மா. வலி, பயம் எதுவுமே அவருக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று மாதமாக அவள் நடமாடுகிறாள். அப்பா பயந்திருப்பாரா என்று தினமும் படுக்கும்போது மகள் கேட்பாள். இல்லடா, தூங்கிட்டுதான் இருந்தார் என்று இவள் சொல்வாள். பிறகுதான் இரண்டு பேருக்கும் தூக்கம் வரும்.

அவள் திரையிலிருந்து கையை எடுத்தாள். அதற்காகவே காத்திருந்த மாதிரி படம் அப்போதுதான் ஓட ஆரம்பித்தது.

அவன்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை, அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்தது. பக்கவாட்டு ஜன்னல் வழியாக வெயில் அவன் கழுத்தில் விழுந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்தது. மூன்று மாதமாக மூச்சு என்பதையே மறந்திருந்தவள் அந்த மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து அழுதாள். எப்படி வந்தது, எங்கிருந்து வந்தது, எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அன்றைக்குச் செய்யாததை இன்றைக்குச் செய்யலாம். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

'உண்மை'யை அழுத்தினாள்.

பீப் அலறியது. அவன் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான். அதற்குள் ஒன்பது நொடி போய்விட்டிருந்தது. கடைசி நொடியில் அவன் முகத்தில் டிரெய்லரின் நிழல் விழுந்தது. "பாப்பா," என்றான். திரை கறுத்தது.

சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். லேட்டாகிவிட்டது, பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன், பாவி நான், என்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். திரையில் மறுபடி எண்பத்தேழு வந்தது. அதே சட்டை, அதே வெயில், அதே தூக்கம். இந்த முறை கண்ணிமைக்கும் நேரம்கூடத் தாமதிக்கவில்லை.

அவன் விழித்துக்கொண்டான். முழுசாக ஒன்பது நொடி கையில் இருந்தது. அவன் பிரேக்கில் ஏறி நின்றான். உடம்பு சீட்டிலிருந்து எழும்பியது. வண்டி வேகம் குறையவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இழுத்தான். அது சுவரில் அடித்த ஆணி மாதிரி அசையாமல் நின்றது. கதவைத் தள்ளினான். கண்ணாடியில் குத்தினான். ஒன்பது நொடியும் அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தச் சின்னக் கண்கள் அவ்வளவு பெரிதாகத் திறந்து அவள் பார்த்ததே இல்லை.

நடந்தது நடந்ததுதான். அதில் ஒரு துரும்பையும் அவளால் அசைக்க முடியாது. அவனை எழுப்ப மட்டும்தான் முடியும்.

மறுபடி வந்தது. அவள் எதையும் தொடவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றாள். எட்டு. ஒன்பது. மிஷின் தானே அலறியது. அவன் விழித்து, பார்த்து, கத்தினான். திரை கறுத்தது.

பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை.

மறுபடி வந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அழுதுகொண்டே 'தவறு' அழுத்தினாள்.

பீப் இல்லை. அவன் தூங்கினான். தூங்கிக்கொண்டே போனான். நிழல் விழுந்தது. திரை கறுத்தது. கத்தல் இல்லை. போலீஸ்காரர் சொன்ன மாதிரியேதான்.

மறுபடி. 'தவறு'. மறுபடி. 'தவறு'. மேஜையில் போன் அதிர்ந்தது. மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூப்பிடுவாள். எடுக்கக் கை போனது. அதற்குள் அவன் வந்துவிட்டான். 'தவறு'. போன் நின்றது. மறுபடி அதிர்ந்தது. அவள் எழுந்து போனால் யார் அழுத்துவார்கள்? யாராவது 'உண்மை' என்று அழுத்திவிட்டால்? கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டால்?

"தூங்குங்க," என்று திரையிடம் சொன்னாள். "நான் இங்கதான் இருக்கேன். நீங்க தூங்குங்க."

மறுபடி வந்தது. கண்கள் மூடியிருந்தன. அழுத்தினாள். பீப் இல்லை.

அப்போதுதான் அவன் முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பார்த்தாள்.

விரல்கள் ஒவ்வொன்றாக ஸ்டீயரிங்கைச் சுற்றி மடங்கின. கணுக்கள் வெளுத்தன. தொண்டைக்குழி ஒரு முறை ஏறி இறங்கியது. மூச்சு சீராக இல்லை. மூச்சை அடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க," என்றாள்.

அவன் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது. நிழல் அவன் நெற்றியில் விழுந்தது. அவன் கண்களை இன்னும் இறுக மூடிக்கொண்டான்.