ஏவல் மொழியின் சொந்தக்காரி

"போதுங்கிற வரைக்கும் ஆட்டு சாமி" என்று பக்கத்து வீட்டு ஜனனி தன் கிரைண்டரிடம் சொல்வது மதில் தாண்டிக் கேட்டது. கிரைண்டரும் சமர்த்தாக ஆட்டத் தொடங்கியது. அந்த வீட்டு இட்லிக்கு மாவு எவ்வளவு மசிய வேண்டும், எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஹரிப்பிரியா, வாயில் கவ்வியிருந்த கிளிப்போடு சேர்த்துப் பல்லையும் கடித்தாள்.

ஜனனி அண்ணாந்து பார்த்தாள். "அக்கா, எங்க பேத்திக்குப் பள்ளிக்கூடத்துல கட்டுரை எழுதச் சொல்லியிருக்காங்க. மிதுனா மேடம் மொழியப் பத்தி. நீங்க அந்தக் கம்பெனிலதானுங்களே இருந்தீங்க, அவங்களப் பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருக்கேன். எனக்குக் கீழ வேலை பார்த்தவ."

"அப்படீங்களா. கொடுத்து வெச்சவங்க நீங்க."

ஹரிப்பிரியா மீதித் துணியைப் பிழியாமலேயே கொடியில் வீசிவிட்டுக் கீழே இறங்கினாள். அவளுக்கு அறுபத்திரண்டு வயது. இரத்த அழுத்தம் உண்டு. அது ஏறுவதற்கு உப்போ ஊறுகாயோ தேவையில்லை, 'மிதுனா மேடம் மொழி' என்ற மூன்று சொற்கள் போதும்.

ஏனென்றால் அந்த மொழியை உண்டாக்கியவள் ஹரிப்பிரியா. முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் பீளமேட்டில் ஒரு பம்புசெட்டு நிறுவனத்தின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து, மனிதர்கள் இயந்திரங்களுக்கு வேலை சொல்ல நூற்றுப் பன்னிரண்டு சொற்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றைக் கோக்க விதிகள் எழுதி, 'ஏவல்' என்று பெயரும் வைத்தாள். பெயரைக் கேட்ட மாமியார் இரண்டு நாள் வேப்பிலை கட்டிக்கொண்டு திரிந்தார். ஆனால் ஏவல் பரவியது. வீட்டுக்கு வீடு சுவரில் ஓர் ஏவற்பெட்டி. அதனிடம் சொன்னால் மோட்டார் ஓடும், தறி ஓடும், தென்னந்தோப்பில் சொட்டுநீர் விழும். நாடு முழுவதும் நிரல் எழுதுகிறவர்களும் அதில்தான் எழுதினார்கள், விசைத்தறிக்காரரும் அதில்தான் பேசினார். ஒரே ஒரு நிபந்தனை, எல்லாவற்றுக்கும் அளவு சொல்ல வேண்டும். 'நீர்மட்டம் தொண்ணூறு ஆகும் வரை ஓடு' என்று சொல்ல வேண்டும். அளவில்லாத சொல் ஒன்றுகூட ஏவலில் கிடையாது. அதில் அவளுக்குத் தனிக் கர்வம்.

பிறகு நிறுவனம் மூடப்பட்டது. அவளிடம் உதவியாளராக இருந்த மிதுனா, அவளுடைய தக்காளிச் சோற்றில் ஆறு வருடம் பங்கு போட்ட மிதுனா, சும்மா இருக்கவில்லை. மனிதன் சொல்வதை இயந்திரத்தின் துடிப்புகளாக மாற்றித் தரும் 'பெயர்ப்பி'யைத் தானே புதிதாக எழுதினாள். ஹரிப்பிரியாவின் பெயர்ப்பியிலிருந்து ஒரு வரியைக்கூட எடுக்கவில்லை. சொற்கள் மட்டும் அதே நூற்றுப் பன்னிரண்டு. இல்லாவிட்டால் ஜனங்கள் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும். கூடுதலாக ஒரு சொல்லைச் சேர்த்தாள். 'போதும்.' எவ்வளவு போதும் என்பதை அந்தந்த வீட்டுப் பழக்கத்தைப் பார்த்து இயந்திரமே கற்றுக்கொள்ளும். அதை எல்லோருக்கும் இலவசமாக விட்டாள். ஐந்தே வருடத்தில் ஊர்ப் பெட்டிகளெல்லாம் அவளுடைய பெயர்ப்பிக்கு மாறின. மொழியின் பெயரும் மாறிவிட்டது.

"விடு ஹரி," என்பார் கணவர் பிரவீன். "நீ பண்ணுன மொழியத்தானே ஊரே பேசுது."

"என் மொழியப் பேசுது. அவ பேரைச் சொல்லுது."

உடனே அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடைப்பயிற்சிக்குப் போய்விடுவார். அவர் தெருமுனை திரும்பியதும் ஹரிப்பிரியா ஏவற்பெட்டியின் அருகே போய்த் தாழ்ந்த குரலில், "தொட்டி நிறையப் போதுங்கிற வரைக்கும் ஓடு" என்பாள். சர்க்கரைக்காரர் ஒளிந்து ஜிலேபி தின்பதைப் போலத்தான். அந்தச் சொல் சௌகரியமாக இருந்தது. அதுதான் அவளால் மன்னிக்கவே முடியாத விஷயம். இத்தனை சின்னச் சொல், தனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

அந்த வருடம்தான் மொழியுடைமைச் சட்டம் வந்தது. அதுவரை நீதிமன்றங்கள் ஒரே விதமாகத்தான் சொல்லி வந்தன. நிரல்மொழி என்பது சமைக்கும் முறை மாதிரி. சமையல் புத்தகத்துக்குப் பதிப்புரிமை கேட்கலாம், கடுகு தாளிப்பதற்குக் கேட்க முடியாது. புதிய சட்டம் அதைப் புரட்டிப் போட்டது. மொழியும் ஒரு படைப்பே, ஆக்கியவர் அதற்கு உடையவர் என்றது. சட்டம் அரசிதழில் வந்த மூன்றாம் நாள் ஹரிப்பிரியா வக்கீல் அகரனின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அகரன் உற்சாகமாக இருந்தார். "ஒரு சொல்லுக்கு இவ்வளவுன்னு கட்டணம் கேட்கலாமுங்க மேடம்."

"காசு வேண்டாம்."

"வேற என்ன கேட்கிறதுங்க?"

"என் சொல்லைப் பேசறவங்க என்கிட்ட வந்து, என் பேரைச் சொல்லி அனுமதி கேக்கோணும். கம்பெனி, அலுவலகம் எதுவும் நடுவுல வேண்டாம். நானே கைரேகை வெச்சுக் கொடுப்பேன். கேட்காம பேசுனா பெட்டி நின்னுரோணும். நிக்கறப்ப இது யாரோட சொல்லுன்னு முழுப்பேரும் சொல்லோணும்."

அகரன் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பணம் கேட்கிற கட்சிக்காரரை அவருக்குத் தெரியும். இது அவருக்குப் புதிது. இருந்தாலும் அட்சரம் பிசகாமல் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பாயத்தில் மிதுனா தனக்கென்று வக்கீல்கூட வைக்கவில்லை. வெளுத்த பருத்திப் புடவையில் எழுந்து நின்று, "அக்கா பண்ணுன மொழிதானுங்க. நான் எங்கேயும் இல்லைன்னு சொன்னதில்ல. ஆனா பேச விட்டாத்தானுங்க அது மொழி. பூட்டி வெச்சா வெறும் பட்டியல்" என்றாள். பார்வையாளர்கள் கைதட்டினார்கள். ஒத்துக்கொள்கிறவளுக்கு எதற்குக் கைதட்டல் என்று ஹரிப்பிரியாவுக்குப் புரியவில்லை. மிதுனா மறுத்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பற்றிக்கொண்டு வந்திருக்காது.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. நூற்றுப் பன்னிரண்டு சொற்களும் ஹரிப்பிரியா நாச்சிமுத்துவின் உடைமை. முதலில் ஆக்கியவருக்கே சொல் என்பதால், 'போதும்' மட்டும் மிதுனாவின் உடைமை. இருவருக்கும் ஒரே நிபந்தனைகள். எல்லா ஏவற்பெட்டிகளிலும் 'மூலங்காட்டி' என்ற சிறு நிரல் பொருத்தப்படும். பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் அது எடைபோட்டு, யாருடையது, அனுமதி உண்டா என்று பார்க்கும். மிதுனாவின் ஒற்றைச் சொல்லைப் பற்றி ஹரிப்பிரியா கவலைப்படவில்லை. வைத்துக்கொண்டு அழட்டும் என்று நினைத்தாள்.

முதல் மூலங்காட்டியை அவள் வீட்டில்தான் பொருத்தினார்கள். கௌரவத்துக்காக. கோயம்புத்தூரில் புது இயந்திரம் எதுவானாலும் பூஜை போடாமல் ஓட்ட மாட்டார்கள். பிரவீன் சந்தனமும் குங்குமமும் வைத்தார், தேங்காய் உடைத்தார், எலுமிச்சம்பழம் நறுக்கினார். தெருவே கூடியிருந்தது, இரண்டு செய்திக்காரர்களும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு ஹரிப்பிரியா முதல் ஏவலைச் சொன்னாள். நல்ல காரியம், தெளிவான குரலில் சொன்னாள். பழக்கதோஷம்.

"தொட்டி நிறையப் போதுங்கிற வரைக்கும் ஓடு."

மோட்டார் ஓடவில்லை. பெட்டி கனிவாகப் பேசியது. "இந்த ஏவலில் ஒரு சொல் மிதுனா தண்டபாணி அவர்களுக்கு உரியது. அவரைக் கேட்டுப் பெறவும். கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த வீட்டில் இச்சொல் இரண்டாயிரத்து நூறு முறை பேசப்பட்டுள்ளது."

செய்திக்காரர்கள் சிரிப்பை அடக்கப் பாடுபட்டார்கள். ஜனனி அடக்கவேயில்லை. பிரவீன் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியை ஒருமாதிரிப் பார்த்தார். ஹரிப்பிரியாவுக்குக் காது மடல் வரை சூடேறியது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குமுறிக் குமுறி அழுதாள்.

ஒரு வாரத்துக்குள் நாட்டின் எல்லாப் பெட்டிகளுக்கும் கம்பிவழியே மூலங்காட்டி போய்ச் சேர்ந்தது. அதோடு வேலைகள் நின்றன. அனுமதி கேட்டு முதல் நாளே அறுபது லட்சம் விண்ணப்பங்கள் ஹரிப்பிரியாவின் திரையில் வந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் அவளே கைரேகை வைக்க வேண்டும். அது அவள் கேட்டு வாங்கிய நிபந்தனை. காலையிலிருந்து மாலை வரை வைத்து ஆயிரத்து இருநூறு முடித்தாள். கட்டைவிரல் வீங்கிப்போனது. சோமனூர்த் தறிகள் நின்றன. பொள்ளாச்சித் தோப்புகளில் சொட்டுநீர் நின்றது. சிறுவாணித் தண்ணீர் தெருக்குழாய் வரை வந்து, மாடிக்கு ஏற்ற மோட்டார் ஓடாமல் வீட்டுத் தரைத்தொட்டிகளிலேயே கிடந்தது.

மறுநாள் காலை மிதுனாவே வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உரிமையோடு சமையலறை வரை வந்து நின்றாள்.

"அக்கா, சட்டத்துல ஒரு வழி இருக்குதுங்க. 'பொதுவில் விடுதல்'னு ஒரு படிவம். அதுல கையெழுத்துப் போட்டா சொல்லு யாருக்கும் சொந்தமில்லாமப் போயிரும். பதிவேட்டுல நம்ம பேரும் இருக்காது. நான் தயாரா இருக்கேன். ரெண்டு பேரும் ஒண்ணாப் போய்ப் போட்டுறலாமுங்களா?"

"பேரே இருக்காதா?"

"இருக்காதுங்க."

"உனக்கென்ன. பதிவேட்டுல இல்லைன்னாலும் ஊரெல்லாம் உன் பேருதான் இருக்குது."

மிதுனாவின் முகம் வாடியது. "நான் யாரையும் அப்படிக் கூப்பிடச் சொல்லலீங்க அக்கா. போற இடத்துலயெல்லாம் உங்க பேரைத்தான் சொல்லிட்டிருக்கேன்."

"நீ சொல்லித்தான் என் பேரு தெரியோணும்ங்கிற நிலைமைக்கு வந்துட்டேன் பாரு." ஹரிப்பிரியா அடுப்பை அணைத்தாள். "யோசிச்சுச் சொல்றேன்."

அவள் யோசித்தாள். ஆனால் யோசித்தது தண்ணீரைப் பற்றியோ தறியைப் பற்றியோ அல்ல. இரண்டு பேரும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டால் படத்தில் யார் முன்னால் நிற்பார்கள் என்று யோசித்தாள். மிதுனா பக்கத்தில் நின்றால் ஒளிப்படக்காரன் யார் பக்கம் திரும்புவான் என்று யோசித்தாள். அப்படி யோசித்ததிலேயே பொழுது போனது.

மாலை ஐந்து மணிச் செய்தியில் மிதுனா தனியாகவே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நெசவாளர்கள் அவளுக்கு மாலை போட்டார்கள். அடக்கமான பெண், மாலையைக் கழற்றிப் பக்கத்திலிருந்த ஒரு தறிக்காரர் கழுத்தில் போட்டாள். அதற்கும் கைதட்டினார்கள்.

"இதுலயும் முந்திட்டா," என்றாள் ஹரிப்பிரியா.

பிரவீன் திரையை அணைத்தார். அவருடைய பொறுமை அன்றோடு தீர்ந்துவிட்டிருந்தது. படிவத்தை மேசைமேல் வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி அதன்மேல் வைத்தார். "ஜனனி வீட்டுல ரெண்டு நாளா மேல தண்ணி இல்ல. அந்த முட்டி வலியோட குடத்தைத் தூக்கிட்டு மாடி ஏறிட்டிருக்குது. எந்திரிச்சுப் போய்ப் பாரு, அப்புறம் கையெழுத்துப் போடு."

அவள் எழுந்து ஜன்னலருகே போனாள். அவளுடைய சொற்கள் அவளுக்குச் சொந்தம். மிதுனாவின் சொல் இப்போது எல்லோருக்கும் சொந்தம். ஆகவே அந்தத் தெருவில், அநேகமாக அந்த ஊரிலேயே, நினைத்தபோது மோட்டார் போட முடிந்த வீடு அவளுடையதுதான். மேலே தொட்டி தளும்பிக்கொண்டிருந்தது. கீழே ஜனனி இடுப்பைப் பிடித்துக்கொண்டு தன் ஏவற்பெட்டியின் முன்னால் நின்றிருந்தாள். நடக்காதென்று தெரிந்தும் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"போதுங்கிற வரைக்கும் ஓடு சாமி."

பெட்டி இப்போது மிதுனாவின் பெயரைச் சொல்லவில்லை. சொல்வதற்கு மிஞ்சியிருந்தது ஒரே பெயர். "இந்த ஏவலின் சொற்கள் ஹரிப்பிரியா நாச்சிமுத்து அவர்களுக்கு உரியவை. அவரைக் கேட்டுப் பெறவும்."

நல்ல திருத்தமான உச்சரிப்பு. அப்பாவின் பெயரைக்கூட விழுங்காமல் சொன்னது. எதிர் வீட்டுப் பெட்டியும் அதையே சொன்னது. தெருக்கோடியில் யாரோ பொறுமையிழந்து ஏவலை மாற்றி மாற்றிச் சொல்ல, ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயரே பதிலாக வந்தது. சோமனூரில் சொல்லிக்கொண்டிருக்கும். பொள்ளாச்சியில் சொல்லிக்கொண்டிருக்கும். இந்த நிமிடத்தில் நாடு முழுவதும், தண்ணீர் இல்லாத ஒவ்வொரு வீட்டிலும் நின்றுபோன ஒவ்வொரு தறியிலும் அவள் பெயர்தான், அதுவும் அவள் பெயர் மட்டும்தான். மிதுனா என்று சொல்ல ஒரு பெட்டிகூட இல்லை.

"ஹரி," என்று பிரவீன் கூப்பிட்டார்.

"வர்றேன்."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஜனனி பாவம் என்று உண்மையாகவே நினைத்தாள். பேனாவைக் கையில் எடுத்தாள், படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தையும் கண்டுபிடித்துவிட்டாள். அந்தச் சமயம் பார்த்துப் பின்வீட்டுக்காரர் தன் பெட்டியை இயக்கினார். ஹரிப்பிரியா கையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். முழுப்பெயரும் வந்து முடிந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுப் போட்டுவிடலாம் என்று பேனாவைக் கீழே வைத்தாள்.